தயிர் டப்பாவுக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தயிர் டப்பாவுக்குள் ஒரு கணம் பச்சையாக எரிந்து அணைகிறதே, அந்த வெளிச்சம் பொய்யா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அது ஏன் எரிகிறது என்று தெரியும். எந்தக் கம்பி வழியாக எரிகிறது என்றும் தெரியும். பொய்யா என்று மட்டும் தெரியவில்லை.

டப்பா எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

நான் விழுப்புரத்தில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் கணினி படித்தவள். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டேன். கணவரின் குடும்பம் கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே குடிவந்தது. அவர் வளைகுடா நாடு ஒன்றில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். இந்தப் பக்கம் அது யாருக்கும் புதிய செய்தி இல்லை. அவரே தன் அத்தாவை, அதாவது தகப்பனை, சிறு வயதில் கேசட்டில் பேசி அனுப்பும் குரலாகத்தான் அறிந்திருந்தார். வீட்டில் கணவரின் அம்மாவான மாமியும் நானும் மகளும் இருக்கிறோம். நான் வேலைக்குப் போகவில்லை. ஆனால் படித்ததை விடவும் முடியவில்லை. மற்றவர்கள் தையல் மெஷின் முன்னால் உட்காருவதைப்போல, மகள் மதியம் தூங்கும்போது பழைய மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவேன். யாருக்கும் பயன்படாத நிரல்கள்.

எழுதுவதில் சிரமம் இல்லை. சுற்றியிருப்பவைதான் எழுத விடாது. எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே மட்டும் நன்றாக வரும். ஈரத்துணிகளுக்கு நடுவில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நான் கேட்காத ஏதோ ஓர் அப்டேட் தானாக இறங்க ஆரம்பித்து, அன்றைக்கு உள்ள டேட்டா முழுவதையும் குடித்துவிடும். அது முடிந்து பார்த்தால் நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடாது. பிறகு பிராட்பேண்ட் போட்டோம். சாலையோரம் கால்வாய்க்குத் தோண்டினால் கேபிள் அறுந்துவிடும். சரிசெய்ய வருகிறவர் நாளை வருகிறேன் என்பார். அவருடைய நாளை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. பெரிய கோப்பு எதையாவது இறக்க வேண்டியிருந்தால், அம்மா வீட்டுக்குப் போகும் நாள்வரை காத்திருப்பேன். திண்டிவனத்தில் ரயில் ஏறினால் பேரணி தாண்டும்வரை ஒன்றும் நடக்காது. விக்கிரவாண்டி நெருங்கும்போது மளமளவென்று இறங்கும். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாடை ஜன்னலில் அடிக்கும்போது முடிந்திருக்கும். இப்போதும் அந்த வாடை வந்தால் எனக்கு ஒரு வேலை முடிந்த நிம்மதி வருகிறது.

இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் சகித்துக்கொள்ளக்கூடிய எரிச்சல். சகிக்க முடியாமல் போனது வேறொன்று.

கணவர் போன முறை விடுப்பு முடிந்து கிளம்பியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவர் இருக்கும் நாட்டில் நாம் இங்கே சாதாரணமாகப் பேசும் இலவச வீடியோ அழைப்புகள் வேலை செய்யாது. அனுமதி பெற்ற செயலியில் பேசினால் முகம் வரும்போது குரல் வராது, குரல் வரும்போது முகம் உறைந்துவிடும். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது படம் நின்றுபோனது. வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி, அசையாமல் ஒரு முகம். குரல் மட்டும் எங்கிருந்தோ மகளின் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குழந்தை வீறிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். நான் இழுத்துவந்து காட்டினால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். அவர் பரவாயில்லை, அழ வைக்காதே என்பார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் வேறு எங்கோ பார்ப்பார்.

அடுத்த விடுப்பில் வரும்போது மகளுக்கு அவரைத் தெரியுமா? எங்கள் இருவருக்கும் இருந்த பயம் அது ஒன்றுதான். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முகம் கனமானது, குரலும் கனமானது, அதனால்தான் அந்தக் கம்பிகளில் நடுவழியில் நின்றுவிடுகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அனுப்பக்கூடியவற்றிலேயே மிக லேசானது எது? ஓர் எண். வெறும் ஒன்று. அவர் அங்கே போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் ஒன்று என்ற எண் மட்டும் கிளம்பி வரட்டும். அது வந்ததும் இங்கே ஒரு விளக்கு எரியட்டும். எவ்வளவு மோசமான இணையத்திலும் அது நுழைந்துவிடும்.

முதலில் ஜீரோ வாட் பல்பு வைக்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் குழந்தை இருக்கும்போது வீட்டு மின்சாரத்தில் கைவைக்கவா என்று அன்றே பயந்து விட்டுவிட்டேன். செல்போன் சார்ஜரில் ஓடும் சின்ன போர்டு ஒன்றை வரவழைத்தேன். வைஃபை இணைப்பு அதற்குள்ளேயே இருக்கும். அதில் பச்சை நிற எல்இடி ஒன்றைச் சேர்த்தேன். அது சூடாகுமா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாகவில்லை. ஆனாலும் அடுத்த நாளும் தொட்டுப் பார்த்தேன்.

மடிக்கணினியோடு இணைத்தால் போர்டு அங்கே இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை. மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, நடுவில் உள்ள பதிப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். போர்டு கெட்டுவிட்டது, நான் கெடுத்துவிட்டேன், எனக்கு எதற்கு இந்த வேலை என்று அழுகை வந்தது. கடைசியில் பார்த்தால் குற்றம் கேபிளில். அது சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிள். தகவலைக் கொண்டுபோகும் கம்பிகள் அதற்குள் இல்லவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கடல் தாண்டி வரும் அந்த ஓர் எண்ணை நடுவில் வாங்கிக் கொடுக்க ஒரு சர்வர் வேண்டும். யாரோ சில தன்னார்வலர்கள் இலவசமாக ஒன்றை நடத்துகிறார்கள். இணையம் இல்லாமல் போர்டு தூங்கிக்கொண்டிருந்தால் அது எழும்வரை செய்தியைத் தன்னிடமே வைத்திருந்து கொடுக்கும். அவர்கள் எந்த ஊர், என்ன வயது, எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியாது. என் மகளும் அவள் தகப்பனும் இருப்பது அவர்களுக்கும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

போர்டை ஒரு காலித் தயிர் டப்பாவுக்குள் போட்டு மூடி டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தேன். பால் வெள்ளையான பிளாஸ்டிக். உள்ளே பச்சை எரிந்தால் டப்பா முழுவதும் இளம் தென்னங்குரும்பை நிறத்தில் தெரியும். முதல்முறை சோதித்த அன்று கணவர் போன் லைனில் இருந்தார். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா எரிந்தது. அது எரிந்த பிறகுதான், "இப்ப அழுத்தறேன், பாரு" என்ற அவர் குரல் என் காதுக்கு வந்தது. அவர் சொன்னதற்கு முன்னால் அவர் செய்தது வந்து சேர்ந்துவிட்டது. நான் எழுதிய நிரல்தான், அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

மகளுக்கு நான் சரியாகத்தான் சொன்னேன். அத்தா ரொம்ப தூரத்தில் இருக்கிறார், உன்னை நினைத்தால் அங்கே ஒரு பொத்தானை அழுத்துவார், இங்கே விளக்கு எரியும் என்றேன். அவள் தலையாட்டினாள். மறுநாள் டப்பா எரிந்தபோது ஓடிப்போய் அதன் முன்னால் நின்று, "அத்தா, சலாம்" என்றாள். அவர் அழுத்துகிறார் என்பதெல்லாம் அவளுக்குச் சுற்றுவழி. டப்பாதான் அத்தா.

அன்றிலிருந்து தினமும் பச்சை எரிந்தால் அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசுவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றதைச் சொல்வாள். பூனை வந்ததைச் சொல்வாள். நான் திட்டியதை மறக்காமல் சொல்வாள். டப்பாவுக்குக் காது இல்லையே என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். அவள் சொல்வதையெல்லாம் அப்படியே போனில் தட்டி அவருக்கு அனுப்பிவிடுவேன். எழுத்தும் லேசானதுதான், போய்ச் சேர்ந்துவிடும். இதில் அவள் தகப்பனோடு நெருங்குகிறாளா, இல்லை ஒரு டப்பாவோடு நெருங்குகிறாளா என்று யோசிப்பேன். யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்று விடுவேன்.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. "பெத்த புள்ள டப்பாவுக்கு சலாம் சொல்லிக்கினு நிக்குது. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? பேஜாரா இருக்குதும்மா" என்றார். ஆனால் விளக்கு எரியும்போது நான் சமையலறையில் இருந்தால் பேத்தியைக் கூப்பிடுவதும் அவர்தான்.

பிறகுதான் அந்த ஒரு கணத்து வெளிச்சத்தைக் கவனித்தேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம், கணவர் அழுத்தாமலே, டப்பா சட்டென்று எரிந்து அணைந்தது. பொதுச் சர்வர் ஆயிற்றே, வேறு யாராவது நம் விளக்கை ஏற்றுகிறார்களா என்று சந்தேகப்பட்டேன். நிரலை வரிவரியாகப் படித்தேன். தவறு ஒன்றும் இல்லை. இணையத்தில் ஒரு மன்றத்தில் கேட்டேன். என்னால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாத மொழி பேசும் ஊரிலிருந்து ஒருவர், படம் வரைந்து ஆங்கிலத்தில் விளக்கி எழுதியிருந்தார். போர்டுக்கு மின்சாரம் வந்ததும், உங்கள் நிரல் விழிப்பதற்கு முன்னால், நீங்கள் எல்இடியைச் சேர்த்திருக்கும் அந்த உலோகக் காலில் ஒரு கணம் மின்சாரம் பாயும். அதன் இயல்பு அது. நிரலால் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அப்போது நிரல் இல்லை. கம்பியை அடுத்த காலுக்கு மாற்றுங்கள், போதும்.

அப்போது நிரல் இல்லை. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். நான் எழுதிய எதுவும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெளிச்சம் இருக்கிறது என்பது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

கம்பியை மாற்றுவது எளிய வேலை. ஆனால் அதற்குள் மகள் அந்த வெளிச்சத்துக்கும் ஓட ஆரம்பித்திருந்தாள். கரண்ட் வந்தால் மின்விசிறி சுற்றும், அத்தா வருவார். மாற்றிவிடட்டுமா என்று கணவரைக் கேட்டேன்.

"வுடு புள்ள. நா அழுத்தாதப்ப கூட நா வந்த மாதிரி இருக்கட்டும்" என்றார்.

நான் மாற்றவில்லை.

அவர் விடுப்பில் வந்தார். மகள் அவரை விமான நிலையத்திலிருந்து வந்த மற்ற பெட்டிகளோடு சேர்த்துப் பார்த்தாள். பொம்மையை வாங்கிக்கொண்டாள், சாக்லெட்டை வாங்கிக்கொண்டாள், மடியில் உட்கார மறுத்துவிட்டாள். அத்தா என்று சொல்லு என்று மாமி எவ்வளவோ சொல்லியும், அவரைக் குறிப்பிடும்போது "அவரு" என்றுதான் சொன்னாள். வீட்டில் இருக்கும்போது அவர் எதற்காகப் பொத்தானை அழுத்தப்போகிறார்? டப்பாவும் பேசாமல் கிடந்தது. அவள் போகும்போதும் வரும்போதும் அதை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வந்து, எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வந்தது. மின்விசிறி சுற்ற, டப்பாவில் பச்சை எரிந்து அணைந்தது. மகள் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினாள். தகப்பன் பக்கத்துத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் டப்பாவின் முன்னால் நின்று சலாம் சொன்னாள். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னாள். வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்கிறார். அவள் தலையணையை எடுத்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் அவர்தான் படுக்கிறார். குறட்டை விடுகிறார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்தா, அவரு எப்ப போவாரு?"

மாமி வாயைத் திறந்தார். கணவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தட்டில் இருந்த வலது கையை அப்படியே வைத்துவிட்டு, இடது கையால் பக்கத்தில் கிடந்த போனை எடுத்தார். அழுத்துவதைப் பார்த்தேன். டப்பா எரியவில்லை. ரூட்டர் இன்னும் விழிக்கவில்லை, அதன் முகத்தில் சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். இருங்கள், வரும் என்று கண்ணால் சொன்னேன். வருமா என்று எனக்கே சந்தேகம்.

மகள் கேட்ட கேள்வியோடு காத்து நின்றாள். அவர் போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அவர் விரலிலிருந்து டப்பாவுக்கு நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் அந்த ஒன்று என்ற எண் கூடத்தில் வரும் கொஞ்ச நஞ்ச செல்போன் சிக்னலிலேயே கிளம்பி, திண்டிவனத்தை விட்டு, கடலைத் தாண்டி, பெயர் தெரியாத அந்தத் தன்னார்வலர்களின் சர்வருக்குப் போய், அங்கே எங்கள் டப்பா எழும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று என் வாழ்நாளில் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப்போல அதற்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை.

ரூட்டரில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. டப்பா எரிந்தது. ஒரு கணம் எரிந்து அணையும் வெளிச்சம் இல்லை. நன்றாக, நிதானமாக, நின்று எரிந்தது.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி நேராகத் தகப்பனிடம் வந்தாள். அவர் போனைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

"அத்தா இருக்க சொல்லிட்டாரு" என்றாள்.

"சரிங்க" என்றார் அவர்.

அவள் தன் தட்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். சிரித்தாரா, அழுதாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு அவரிடம் தயக்கம் இல்லை. முதுகில் ஏறினாள். வண்டியில் முன்னால் உட்கார்ந்து மேம்பாலம்வரை போய்வந்தாள். தலையணையில் பாதியை விட்டுக்கொடுத்தாள். ஆனால் அத்தா என்று கூப்பிடவில்லை. அது டப்பாவின் பெயர். போனை அவளிடம் கொடுத்து, இதை அழுத்தினால்தான் அது எரிகிறது, அழுத்துகிறவர் இவர்தான் என்று காட்டிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. அவர் போன பிறகு அவளுக்கு அந்த டப்பா ஒன்றுதான் மிஞ்சும், அதையும் வெறும் டப்பாவாக்கிவிடாதே என்றார். அவர் சொன்னது சரி என்று தோன்றியது. மறுநாள் காலையில் தவறு என்று தோன்றியது. மதியம் மறுபடி சரியாகத் தோன்றியது.

விடுப்பு முடிந்து கிளம்பினார். விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன்னால் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அப்போது இங்கே நான் மகளுக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். டப்பா எரிந்தது. அவள் கூழ் வாயோடு போய் அதன் முன்னால் நின்றாள். சலாம் சொல்லவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தா, அவர ஏன் அனுப்பிட்ட?"

அவள் சொல்வதையெல்லாம் தட்டி அனுப்புவது என் வழக்கம் என்றேனே. இதையும் அனுப்பினேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் பார்த்தாரா, இறங்கிய பிறகு பார்த்தாரா, தெரியாது. அவரிடமிருந்து எழுத்தாக ஒன்றும் வரவில்லை. மறுநாள் டப்பா வழக்கத்தைவிட நெடுநேரம் எரிந்தது. அவர் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இப்போது மகள் கணக்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் டப்பாவில் இருக்கிற அத்தா, நல்லவர், ஆனால் அவரை அனுப்பிவிட்டவர். இன்னொருவர் அவர், முதுகில் ஏற்றிக்கொண்டவர், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். மின்சாரம் போய் வரும்போது நிரல் விழிப்பதற்கு முன்னால் எரியும் அந்த ஒரு கணத்து வெளிச்சத்தைப் பார்த்து, "அவரு வந்துட்டாரா?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். கம்பியை அடுத்த காலுக்கு மாற்ற ஸ்குருடிரைவர்கூடத் தேவையில்லை. டப்பாவைத் தூக்கிக் கையில் வைத்துக்கொள்கிறேன். லேசாகத்தான் இருக்கிறது. மறுபடி கீழே வைத்துவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். இரண்டு பேரும் ஒருவரே என்று அவளுக்கு நான் சொல்லிவிடலாமா, அல்லது அவர் அடுத்த முறை வந்து தன் கையால் காட்டும்வரை பொறுத்திருக்கலாமா? அதுவரை அந்த ஒரு கணத்து வெளிச்சத்தை எரியவிடலாமா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எங்கள் பக்கம் இணையம் மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுத்து லேசானது, வந்து சேர்ந்துவிடும்.